மீட்டருக்கு மேல

புதுப்பேட்டையில் எடைக்குப் போக இருந்ததைப்
பதினெட்டாயிரத்துக்குப் பேசி
கொருக்குப்பேட்டைக்குக் கட்டி இழுத்துவந்தோம்.
எழுபத்திரண்டாம் வருஷத்து ஃபியட்.
கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை,
பின்சீட்டுக்கு அடியில்
யாரோ விட்டுப்போன ஒற்றை வளையல்.

சீட்டைக் கழற்றினோம். கூரைத்துணியை உரித்தோம்.
கதவின் உள்தகடு, கால்மிதி, சாம்பல் கிண்ணம்,
எடை குறையக் குறைய
வண்டிக்கு வயசு குறைந்தது.
மீட்டரை மட்டும் கமாலுதீன் தொடவிடவில்லை.
"ரெண்டு கிலோ இருக்கும், எடுத்துடு" என்றாள் பெர்பெத்துவா.
"நீ ஒரு மாசம் பிரியாணிய வுடு, சரியாப்பூடும்."
கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளுக்கு
கிரீஸ் வைத்தான்.
சாவி கொடுத்ததும் உள்ளே கடிகாரம் ஓடியது.

காலையில் அவள் காசிமேட்டில்
வலைக்கடைக் கணக்கு எழுதுவாள்.
ராத்திரியில் டேப்பெட் பார்ப்பாள்.
மணலிப் பக்கத்து ஆகாயம்
எந்நேரமும் கொஞ்சம் எரிந்துகொண்டிருப்பதால்
கரண்ட் போனாலும் எங்களுக்கு வேலை நிற்காது.
டயருக்காகச் சீட்டு எடுத்தாள்.
ஏலச்சீட்டில் தள்ளிய தொகையைக் கேட்டால்
உங்களுக்கும் மயக்கம் வரும்.

பழைய கார்களுக்கு வருஷத்தில் நாலே பந்தயம்.

முதலாவதில்
வரிசையில் நின்ற வண்டியின் ஜன்னல் வழியே
கமாலுதீன் கைவிட்டு மீட்டர் கொடியைக் கவிழ்த்தான்.
டிங்.
பக்கத்து அம்பாசிடர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.
எட்டாம் இடம். ஒரு பாயின்ட்.
எந்தக் காலத்து ரேட்டோ,
நாற்பத்தாறு ரூபாய் எண்பது காசு.
நோட்டில் இரண்டையும் எழுதினேன்.

இரண்டாவதுக்கு
விடிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம்.
407 லாரியின் முதுகில் ஃபியட்,
ஃபியட்டுக்குள் ஹெல்மெட்டோடு அவள்.
ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
நிலக்கரி வண்டி. ஐம்பத்தெட்டு வேகன் எண்ணினேன்,
ஐம்பத்தொன்பதாவது என் முகத்துக்கு நேரே நின்றது.
நின்றது என்றால்,
டீக்கடைக்காரன் பால் மாற்றும் வரை.
மேலேயிருந்து கேட்டது: டிங்.
ஆத்திரத்தில் அவளே கொடியைக் கவிழ்த்திருந்தாள்.
சக்கரம் அசையாவிட்டாலும்
வெயிட்டிங் ஏறும்.
நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சோதனை மேஜையை மடித்துவிட்டார்கள்.
பதினொன்று எழுபத்தைந்து, பாயின்ட் இல்லை.
அன்றைக்கு நாங்கள் பார்த்த ஒரே பச்சைக்கொடி
கேட்கீப்பர் கையில்,
அதுவும் ரயிலுக்கு.

மூன்றாவதைப் பற்றி எழுதமாட்டேன்.
வளைந்த கனெக்டிங் ராடில்
இப்போது ஒர்க்‌ஷாப் சாவிகள் தொங்குகின்றன.

நாலாவதில் மழை விட்டுச் சற்று நேரம்.
ஈரத்தில் எல்லாரும் பிரேக்கை நம்பினார்கள்,
இவள் கியரை நம்பினாள்.
கடைசி லேப்பில் நாலாவதாக வந்தாள்.
முன்னால் ஒரு வெள்ளை ஹெரால்ட்,
வால் ஆடுகிறது, இப்போது, இப்போது,
ஸ்டாப்வாட்சை அமுக்கிய என் கட்டைவிரல்
நகம் வெளுத்துவிட்டது.
அப்புறம் சத்தம் இல்லை.
பெட்ரோல் பம்ப்.
கறுப்பு வண்டி ஊமையாய் உருண்டு வந்தது,
ஒன்று தாண்டியது, இரண்டு, ஐந்து தாண்டின,
கோட்டுக்கு அப்பால் ஒரு முழத்தில்
தானாக நின்றது.
ஒன்பதாவது.

ஓடினேன். அவள் பெல்ட்டை அவிழ்க்கவில்லை.
கண்ணாடியைத் துடைக்கவில்லை.
எதையாவது பேசவேண்டுமே என்று
"எவ்ளோம்மா ஆச்சு?" என்றேன்.
மீட்டரைப் பார்த்தாள்.
"நாப்பத்தொம்பது அறுபது."
கொஞ்ச நேரம் கழித்து,
"மீட்டருக்கு மேல பத்து."

பாக்கெட்டில் துழாவினேன்.
சில்லறை இல்லை.
ஸ்பார்க் ப்ளக் ஒன்று இருந்தது, கொடுத்தேன்.
வாங்கிப் பார்த்து, "இது போன ரேஸ் ப்ளக்கு" என்று
திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும்போது
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
கமாலுதீன் லாரி என்ஜினை அணைத்தான்.
எவனும் எதுவும் பேசவில்லை.
முதுகில்,
யாரும் நிமிர்த்தாத கொடிக்கு அடியில்
டிக் என்று
இன்னொரு இருபத்தைந்து காசு விழுந்தது.